மருமவனுக்க நூலும் மாமனுக்க கல்லும்

வா மருமவனே, வா. அந்தக் கருங்கல்லுல இரி. சட்டை கொள்ளாம். பாக்கெட்டு எத்தனைன்னு எண்ணிப் பாக்கேன், எண்ணி முடியல்ல. தொப்பிக்குப் பின்னால ஒரு துணி தொங்குதே, அது பின்கழுத்து கறுக்காம இருக்கவா? எனக்க அப்பனுக்கும் ஒரு கழுத்து இருந்துது. கறுத்துதான் இருந்துது. அதைப் பாத்து ஒரு மீனும் மொகம் சுளிச்சதில்ல. செரி, அது போட்டும். கம்பு பத்தடி. ரீலு பளபளங்குது. ரீலுல பச்சை வளையம், நூலும் அதே பச்சை. பொருத்தம் பாத்து வாங்கியிருக்கே. உனக்குப் பொண்ணு பாத்தப்பம் கூட இம்புட்டுப் பொருத்தம் ஆரும் பாக்கல்ல.

ஆனா நூலு எத்தனை பவுண்டுன்னு கேட்டதுக்கு நெஞ்சை நிமித்திக்கிட்டு "எண்பது"ன்னு சொன்னியே, அங்கதான் மாமனுக்கு நெஞ்சடைச்சுது. 80 பவுண்டுன்னா 36 கிலோ. முட்டத்துப் பாறையில நின்னுக்கிட்டு 36 கிலோ பிடிச்சு எதை இழுக்கப் போறே? லைட் ஹவுஸையா? அது சர்க்காரு சொத்து மக்களே, கேஸ் ஆயிரும்.

இந்தக் கல்லுல நிக்கவனுக்கு என்னென்ன வாய்க்கும்னு எனக்குத் தெரியும். பாரை வரும். சாளைக் கூட்டத்தை வெரட்டிக்கிட்டு ஊளி வரும். பொந்துக்குள்ள கலவா பட்டா வாங்கிக் குடியிருக்கு. யோகம் உள்ளவனுக்கு ஒரு நெய்மீன் கரையோரம் வந்து எட்டிப் பாக்கும். பத்துக் கிலோ தாண்டின ஒண்ணு கரையேறிச்சுன்னா ஒரு வாரத்துக்கு டீக்கடையில அதுதான் பேச்சு. "கூடுதலா இருந்தா நல்லதுதானே மாமா" அப்படீங்கே. கூடுதல்தான் நல்லதுன்னா கொளச்சல்ல போட்டு கெட்டுத வடத்தையே எடுத்துக்கிட்டு வந்திருக்கலாமே. ரீலுல சுத்தத்தான் கொஞ்சம் பாடு.

அந்தப் பெட்டியை இங்க தா. இல்ல, நீயே வாசி, எனக்கு கண்ணாடி வீட்டுல கெடக்கு. பின்னல் நூலு பெட்டியில அனேகமா ரெண்டு எண்ணு போட்டிருப்பான். 30 பவுண்டு நூலுன்னா பக்கத்துல சின்னதா 8ன்னு இருக்கும். 30 பவுண்டு பலம், ஆனா தடிமன் 8 பவுண்டு நைலான் நரம்புக்க தடிமன்தான்னு அதுக்கு அர்த்தம். உனக்க 80-க்குப் பக்கத்துல என்ன போட்டிருக்கு? 18-ஆ? பாத்தியா. முதல் எண்ணை நீ வாசிச்சே, கடைக்காரன் உனக்கு அதை வாசிச்சுக் காட்டினான். கல்லு ரெண்டாவது எண்ணைத்தான் வாசிக்கும். பவுண்டு கணக்கு கல்லுக்குத் தெரியாது. அறுக்கதுக்கு முன்னால எத்தனை சதை இருக்குன்னு மட்டும்தான் அது பாக்கும்.

இந்தப் பாறையில முழுக்க சிப்பி ஒட்டிக் கெடக்கு. ஒவ்வொண்ணும் விளிம்புல பிளேடு வச்சிருக்கு. பின்னல் நூலுங்கது தலைமுடியை விட மெலிசான இழை நூத்துக்கணக்குல சேந்தது. தளர்ந்து கெடக்கும்போ சிப்பியில பட்டாலும் தாங்கும். பாரை இழுத்து விறைச்சு நிக்கும்போ ஒரு உரசு போதும், இழைக ஒவ்வொண்ணாப் போவாது, கூட்டத்தோட போவும். உனக்குக் கையில ஒண்ணும் தெரியாது. கம்பு நிமிரும், நீ பின்னால சாய்வே. கூட வந்தவன் போட்டோ எடுப்பான்.

அப்பம் 80-க்குப் பதிலா 120 வாங்கலாமேன்னு உனக்குத் தோணும். தோணட்டும். தோணுததுக்கு வரி கெடையாது. நூலு தடிக்கத் தடிக்க கச்சான் காத்து அதைப் பிடிச்சு வளைக்கும். எறியுத தூரம் குறையும். ரீலுல நீளம் கொள்ளாது. தடிமன் ரெண்டு மடங்கானா ரீலுல அது பிடிக்கிற எடம் நாலு மடங்காவும். அம்பது மீட்டருக்கு அப்பால மீனு துள்ளிக்கிட்டுக் கெடக்கும், உனக்க லூரு, அந்தப் பொய்மீனு, முப்பதுல விழுந்து நுரையில நீந்தும். மீனு உன்னைத் தேடி வரணும்னா ஆளனுப்பணும்.

இந்த நூலு என்னதுன்னு தெரியுமா உனக்கு? கவர் பால் வருதே, அந்தக் கவருக்க சாதிசனம்தான். பாலிஎத்திலீன். அதுல ரொம்ப நீளமான சங்கிலியா உள்ள வகையை எடுத்து, கரைச்சு, கூழாக்கி, இழுத்து இழுத்து நூலாக்கினானுவ. சங்கிலி எல்லாம் ஒரே திசையில நேரா நின்னுட்டுது, பலம் வந்துட்டுது. எடைக்கு எடை வச்சா எஃகுக் கம்பி இதுக்குப் பக்கத்துல வராது. இந்த வித்தையைக் கண்டுபிடிச்சது பால் ஸ்மித், பீட் லெம்ஸ்ட்ரான்னு ரெண்டு பேரு, 1979 வாக்குல, நெதர்லாந்துல டி.எஸ்.எம். கம்பெனியில. அந்தக் கம்பெனி பொறந்தது நிலக்கரி தோண்டதுக்காக்கும். இப்பம் உனக்குச் சங்கதி வெளங்குதா? நெதர்லாந்துன்னா டச்சுக்காரன் ஊரு. 1741-ல அவன் கொளச்சல்ல மார்த்தாண்ட வர்மா மகாராசாகிட்ட தோத்து, அவனுக்க படையாளு டிலனாயி பிடிபட்டு, அவனுக்கு உதயகிரிக் கோட்டையிலேயே கல்லறையும் கெட்டியாச்சு. டச்சுக்காரன் கதை முடிஞ்சுதுன்னு நெனச்சோம். அவன் பைய பிளாஸ்டிக்கு நூலா கரையேறி, இப்பம் உனக்க பாக்கெட்டுல இருந்து சக்கரத்தை எடுத்துக்கிட்டுப் போறான். வெடி கூட வைக்கல்ல.

எனக்க அப்பன் காலத்துல பருத்தி நூலு. பனிச்சங்காய்ச் சாறுல முக்கி, காயப்போட்டு, திரும்ப முக்கி... அந்த நாத்தம் இப்பவும் எனக்க மூக்குல இருக்கு. 1953-ல நார்வேக்காரன் மீன்பிடித் திட்டத்தோட கொல்லத்துல வந்து எறங்கினான், அதுக்குப் பொறகு நைலான் வந்துது. அந்தந்த நூலு வந்தப்பம் எல்லாம் இனி ஒரு மீனும் தப்பாதுன்னுதான் பேச்சு. மீனு இப்பவும் தப்பிக்கிட்டுதான் இருக்கு. அதுக வாசிக்கதில்ல.

செரி, தடிமனைப் பாத்து வாங்கணும்னா எதைப் பாக்கது? ஜப்பான்காரன் அதுக்கு ஒரு கணக்கு வச்சிருக்கான், பி.இ. எண்ணுன்னு. பி.இ. 1-ன்னா 0.165 மில்லிமீட்டர். 2-ன்னா 0.235. 3-ன்னா 0.285. 4-ன்னா 0.33. ஒண்ணுல இருந்து நாலுக்குப் போனா தடிமன் ரெண்டு மடங்கு, உள்ள இருக்கிற சரக்கு நாலு மடங்கு. அதாக்கும் கணக்கு. பவுண்டை அவனவன் இஷ்டத்துக்கு எழுதுகான். ஒருத்தன் 40-ன்னு எழுதினது இன்னொருத்தனுக்க 30-ஐ விட மெலிசா இருக்கும். அவனுக்க மனசு பெருசு, அவ்வளவுதான். இந்தக் கல்லுக்கு பி.இ. 2-க்கும் 3-க்கும் இடையில வாங்கு. நாப்பது அம்பது கிராம் லூரு எறியுதவனுக்கு அது போதும். 4000 அளவு ரீலுல 2 போட்டா 200 மீட்டர் கிட்ட கொள்ளும். 3-தான் வேணும்னா 5000 அளவு ரீலு எடு. பெரிய பாரைக்குன்னே பெரிய பாப்பர் எறியுத கூட்டம் ஒண்ணு இருக்கு, அவனுவ 6-ம் 8-ம் கேப்பானுவ. அவனுவளுக்க கம்பு வேற, ரீலு வேற, முதுகெலும்பும் வேற. உனக்க முதுகை உனக்கு ஆபீஸ் நாற்காலி தந்திருக்கு, ஓர்மை வச்சுக்கோ.

எழுதியிருக்க பி.இ. எண்ணு நெசமான்னு எப்படித் தெரியும்னு கேக்கே. கொள்ளாம், இப்பம்தான் ஒரு நல்ல கேள்வி கேட்டே. பெரிய பேரை ஒட்டி, பாதி விலைக்கு, அட்டைப்பெட்டியில எழுத்துப் பிழையோட நூலு வருது. அதை வாங்கிட்டு நேரா நாகர்கோவில்ல தட்டான்கிட்டப் போ. சிரிக்காத. பி.இ. 1-ங்கது 200 டெனியர், அதாவது 9000 மீட்டர் நூலு 200 கிராம். பி.இ. 2-ன்னா 400 கிராம். அப்படின்னா 300 மீட்டர் நூலு 13 கிராம் சொச்சம் நிக்கணும். மேல்பூச்சு கொஞ்சம் சேரும், ஒரு கிராம் ரெண்டு கிராம் விடு. சுருளை நிறுத்து, வெறும் உருளையை நிறுத்து, கழிச்சுப் பாரு. இருபது கிராம் நின்னா அவன் 3-ஐ உனக்கு 2-ன்னு வித்திருக்கான். ஒம்பது கிராம்தான் நின்னுதுன்னா தடிமனுல ஏமாத்தியிருக்கான், இல்ல 300-ன்னு சொல்லிட்டு 200 மீட்டர்தான் சுத்தியிருக்கான். தட்டான் உன்னை ஒரு மாதிரிப் பாப்பான். பாத்துக்கிட்டுப் போட்டும். அவன்கிட்ட பொன்னு வாங்கப் போனப்பமும் அப்படித்தானே பாத்தான்.

அடுத்தது புரி. நாலு புரியா எட்டு புரியான்னு கடையில கேட்டா "எட்டுதான் சார் லேட்டஸ்ட்"ங்கான். பன்னெண்டு புரி வந்திருக்காம், அதுக்கும் பெரிய விலை. எட்டு புரி கொள்ளாம், இல்லேங்கல்ல. உருண்டையா, வழவழன்னு இருக்கும், வளையத்துல சத்தமில்லாம ஓடும், ஒரு பத்தடி தூரம் கூடுதலா விழும். மணலுல நிக்கியா, எட்டு வாங்கு. ஆனா கல்லு வேற. ஒரே தோப்பை நாலு அண்ணன் தம்பிக்குப் பங்கு வச்சா ஆளுக்குப் பத்துத் தென்னை கிட்டும், எட்டுப் பேருக்கு வச்சா ஆளுக்கு அஞ்சு. தோப்பு பெருசாவல்ல. தடிமன் ஒண்ணா இருக்கும்போ எட்டு புரியில ஒவ்வொரு புரியும் மெலிசு. சிப்பி ஒரு புரியில கை வச்சா அது சட்டுன்னு போயிரும். நாலு புரி கொஞ்சம் சொரசொரப்பு, வளையத்துல "ஸீ"ன்னு பாடும். பாடட்டும். விலையும் குறைவு. நான் உனக்க இடத்துல இருந்தா இந்தக் கல்லுக்கு நாலு புரிதான் சுத்துவேன். மிச்சம் விழுத காசை என்ன செய்யணும்னு பொறகு சொல்லுகேன்.

பொறகு என்ன பொறகு, இப்பமே சொல்லுகேன். லீடர் வாங்கு. பின்னல் நூலுக்க நுனியில ஒரு நைலான் துண்டு, இல்லேன்னா புளோரோகார்பன் துண்டு. நீ அதுக்குத்தான் பிசுக்குவே. எண்பது பவுண்டுக்கு ஆயிரக்கணக்குல கொட்டினவன் லீடருக்கு வந்தப்பம் "இருக்கதை வச்சு ஒப்பேத்தலாம்"ன்னுட்டான். லேய், கல்லுல உரசப் போறது அதுதான்! மேல உள்ளது முழுக்க எறியதுக்கும் சேதி சொல்லதுக்கும்தான். 40 பவுண்டு நைலான் அரை மில்லிமீட்டருக்கு மேல தடிமன் இருக்கும். உனக்க பி.இ. 3 அம்பது பவுண்டு தாங்கும், ஆனா தடிமன் அதுல பாதி. பலம் குறைஞ்சது தடியா இருக்கு, பலம் கூடினது மெலிசா இருக்கு. தடியனைக் கல்லுப் பக்கம் நிறுத்து, மெலிசைக் காத்துப் பக்கம் நிறுத்து. இதுல வெளங்காதது என்ன இருக்கு?

இதுல இன்னொரு சூத்திரமும் இருக்கு. லூரு கல்லுல மாட்டத்தான் செய்யும். மாட்டினா எங்கயாவது அறுக்கணும். எங்க அறுக்கணும்னு தீர்மானிக்க வேண்டியது நீ, கல்லு இல்ல. லீடர் 60, நூலு 30-ன்னு கெட்டினா மேல நூலுலதான் அறுக்கும், சிலப்பம் உனக்க ரீலுக்குப் பக்கத்துலயே. அம்பது அறுபது மீட்டர் நூலு கடலுக்கு. நூலு 50, லீடர் 40-ன்னா லூருக்க முடிச்சுல அறுக்கும். லூரு மட்டும் போவும். போன லூருக்கு உவரி அந்தோணியாருக்கு ஒரு மெழுகுதிரி நேந்துக்கோ. காணாமப் போன சாமானுக்கு அவருதான் பொறுப்பு. அவரு திருப்பித் தருவாரான்னு கேக்காத, கல்லுல மாட்டினதுக்கு அவருக்கே தனி எஸ்டிமேட்டு வேணும்.

புளோரோகார்பனா நைலானா? புளோரோகார்பன் கனம், தண்ணியில தாழும், உரசலுக்குக் கொஞ்சம் கெட்டி, தண்ணிக்குள்ள கொஞ்சம் மறையும். விலை மட்டும் மறையாது. மேல துள்ளுத பாப்பருக்கு நைலானே போதும், இழுத்துத் தாத்தாம இருக்கும். தாத்தி இழுக்குத லூருக்கு வேணும்னா மத்ததைப் போடு. நீளத்துல மட்டும் கஞ்சத்தனம் காட்டாத. கம்புக்க நீளத்துக்காவது வேணும். கடைசி நேரம் மீனு கல்லுக்க அடியில ஓடும்போ, உரசுத இடத்துல நிக்கது லீடரா இருக்கணும். ஊளி பல்லுக்கு ரெண்டுமே ஒண்ணுதான், அது ஒரே கடியில தீர்ப்பு சொல்லிரும். ஊளி ஓட்டம் இருந்தா ஒரு சாண் கம்பி வை. பாரை அந்தக் கம்பியைப் பாத்து முறைக்கும். எல்லாரையும் திருப்திப்படுத்த முடியாது.

முடிச்சு. எஃப்.ஜி. முடிச்சு தெரியும்ங்கே. எங்க படிச்சே? மொபைல்ல. எங்க கெட்டிப் பாத்தே? மின்விசிறிக்குக் கீழ, சோபாவுல இருந்துக்கிட்டு, பக்கத்துல சாயாவோட. இங்க கச்சான் வீசும், கை நனைஞ்சிருக்கும், காலுக்குக் கீழ பாசி. இப்பம் கெட்டு, பாப்போம். நல்ல முடிச்சுதான் அது. பின்னல் நூலு லீடரை மாறி மாறிச் சுத்தி இறுக்கிப் பிடிச்சுக்கிடும், லீடர் வளையவே வேண்டாம், அதனால வளையத்துக்குள்ள சுகமாப் போவும். ஆனா அரைகுறையாக் கெட்டினா வழுக்கி விட்டுரும். கை பழகுத வரைக்கும் வீட்டுலேயே லீடரைக் கெட்டிக்கிட்டு வா. கல்லுல நின்னு அறுந்துச்சுன்னா டபுள் யூனி முடிச்சு போட்டுப் பொழப்பைப் பாரு. அது கொஞ்சம் புடைக்கும், எறியும்போ முடிச்சு கம்புக்க நுனிக்கு வெளிய நிக்கட்டும். எந்த முடிச்சானாலும் இறுக்கதுக்கு முன்னால எச்சில் தொட்டு நனைச்சுக்கோ. இந்தப் பிளாஸ்டிக்கு 150 டிகிரிக்குப் பக்கத்துலயே உருகிரும். உலர இழுத்தா உரசுத சூட்டுல அங்கயே பாதிச் சாவு. எச்சிலுக்கு ஜி.எஸ்.டி. இன்னும் போடல்ல.

நீ பின்னல் நூலு வாங்கினதுக்குச் சொன்ன காரணம் ஒண்ணு மட்டும் செரி: இழுபடாது. நைலான் அறுக்கதுக்கு முன்னால நூத்துக்கு இருபது, முப்பதுன்னு நீளும். இது மூணு நாலோட நிப்பாட்டிரும். அதனால அறுபது மீட்டருக்கு அப்பால சின்ன மீனு மூக்கால தட்டினாலும் உனக்க கைக்குத் தந்தி வரும். ஆனா மீனு பெரிசா இழுத்தாலும் அதே தந்திதான், நடுவுல தாங்கதுக்கு ஆளில்ல. நைலான் விட்டுக் கொடுக்கும், இது விடாது. விட்டுக் கொடுக்க வேண்டியது கம்பும், ரீலுக்க பிரேக்கான டிராக்கும். நீ டிராக்கை எப்படி வச்சிருக்கே? காட்டு. அம்மாடி! இதைத் திருகதுக்கு ஸ்பானர் வச்சியா? மீனுக்காரி கொக்கித் தராசு வச்சிருப்பா, அதை வாங்கி நூலுல மாட்டி இழு. எல்லாத்துலயும் பலம் குறைஞ்ச துண்டு எதுவோ, அதுல நாலுல ஒரு பங்குக்கு வை. 40 பவுண்டு லீடர்னா 18 கிலோ, நாலுல ஒண்ணு நாலரை. பத்தடிக் கம்பைப் பிடிச்சுக்கிட்டு, பாசிக் கல்லுல நின்னு, நாலரை கிலோ இழுப்பை ஒரு நிமிஷம் தாங்கிப் பாரு. அதுக்குப் பொறகு 36 கிலோவைப் பத்திப் பேசுவோம். நீ இப்பம் வச்சிருக்க டிராக்குல நல்ல பாரை ஒண்ணு கடிச்சா, மீனுதான் உன்னைப் பிடிக்கும்.

அப்புறம், "டிராக்கு கெட்டுப்போச்சு மாமா, இறுக்கினாலும் நிக்கல்ல"ன்னு போன்ல கேட்டியே. டிராக்கு ஒண்ணும் கெடல்ல. நூலை நேரா உருளையில கெட்டியிருக்கே. இது வழவழன்னு இருக்க சாமான், உருளையில பிடிக்காது, மொத்தச் சுருளும் சேந்து சுத்தும். அடியில ஒரு பத்து மீட்டர் நைலான் சுத்து, இல்லேன்னா ஒரு துண்டு டேப்பு ஒட்டு. புதுசா சுத்தும்போ ஈரத்துணியில பிடிச்சு விறைப்பா சுத்து. தொளதொளன்னு சுத்தினா பெரிய மீனு இழுக்கும்போ மேல் நூலு அடி நூலுக்குள்ள புதைஞ்சுரும். விளிம்பு வரைக்கும் நெறைக்காதே, ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர் விடு. காசு கொடுத்த நூலாச்சேன்னு முழுசும் திணிச்சா எறியும்போ கொத்தா வெளிய வந்து ஒரு கூடு கெட்டும். அதைப் பிரிக்கதுக்குள்ள அந்தியாயிரும். லூரு தண்ணியில விழுந்ததும் ரீலுக்க வளைஞ்ச கம்பி, அந்தப் பெயிலை, கையால மூடி, நூலை ஒரு தடவை இழுத்து விறைச்சுட்டுச் சுத்து. கைப்பிடியைத் திருப்பித் தானா மூடட்டும்னு விட்டா, தொய்ஞ்ச நூலு ஒரு வளையமா உள்ள போயி ஒளிஞ்சிருக்கும், அடுத்த எறியில வந்து உன்னை விசாரிக்கும்.

நெறத்தைப் பத்தி ஒரு மணிக்கூறு பேசினியே, அதுக்கு எனக்கு ஒரு நிமிஷம் போதும். மீனுக்குப் பக்கத்துல லீடர்தான் இருக்கு. மேல உள்ள நெறம் உனக்க கண்ணுக்கு. கறுத்த பாறைக்கும் வெள்ளை நுரைக்கும் நடுவுல எது உனக்குத் தெரியுமோ அது. பத்து மீட்டருக்கு ஒரு நெறம் மாறுதது வாங்கினா எவ்வளவு தூரம்னு எண்ணிக்கலாம். பத்து மாசத்துல எல்லாம் வெளிறி ஒண்ணுபோல ஆயிரும், அது வேற.

மாட்டின லூரை எடுக்கதுல நீ காட்டுத வீரத்தைப் பத்தி இனி சொல்லணும். வெறும் கையில நூலைச் சுத்தி இழுக்கே பாரு, அதை அத்தை பாத்தான்னா மயங்கி விழுவா. இந்த நூலு கல்லுகிட்ட தோக்கும், விரலுகிட்ட தோக்காது. எலும்பு வரைக்கும் போவும். கம்பை வளைச்சு இழுக்கவும் பிடாது, கம்புதான் முறியும். ஒரு கட்டைக் குச்சியில நூலை நாலு சுத்து சுத்து, முகத்தைத் திருப்பிக்கோ, நேரே பின்னால நட. லூரு கழண்டு வந்தா தோட்டா வேகத்துல வரும், அதுக்குத்தான் முகம் திருப்பச் சொன்னது. மூஞ்சி நல்லாத்தான் இருக்கு, அதுல மூணு முள்ளு வேண்டாம். அறுந்த நூலைக் கல்லுலயே விட்டுட்டு வந்தேன்னு மட்டும் என் காதுல விழப்பிடாது. கடியபட்டணத்துலயும் குறும்பனையிலயும் பிள்ளைய சிப்பி எடுக்க முங்குகானுவ. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அடியில கல்லைத் தடவுதவன் காலுல உனக்க நூலு சிக்கினா அவனால பல்லால கடிச்சும் அறுக்க முடியாது. இது மக்கவும் செய்யாது. பிடுங்க முடிஞ்ச மட்டும் பிடுங்கிச் சுருட்டிப் பாக்கெட்டுல போடு. பாக்கெட்டுக்குத்தான் பஞ்சமில்லியே.

வீட்டுக்குப் போனதும் நூலை நல்ல தண்ணியில கழுவு. கல்லுல மீன் பிடிச்ச ஒவ்வொரு நாளும் முதல் நாலஞ்சு மீட்டரை நகத்துக்கு இடையில இழுத்துப் பாரு, பஞ்சு கிளம்பின இடம் வரைக்கும் வெட்டி எறி. வெட்டக் கைநடுக்கமா இருந்தா எனக்கிட்டத் தா. ஒரு பக்கம் தேஞ்சு போச்சுன்னா நூலைத் தலைகீழாத் திருப்பிச் சுத்து, அடியில கெடந்தது புதுசு மாதிரி இருக்கும். கம்புக்க வளையத்துல பஞ்சை விட்டு ஓட்டிப் பாரு, இழை சிக்கினா அங்க விரிசல் இருக்கு, அந்த வளையம் இருக்க வரைக்கும் நீ எந்த நூலு போட்டாலும் பாழ்.

கத்தரிக்கோல் ஒண்ணை இடுப்புல கெட்டிக்கோ. இது முடிச்சு நறுக்க மட்டும் இல்ல. ஆனி ஆடியில இந்தக் கல்லு பக்கம் வரவே வராதேன்னு சொல்லுகேன், நீ கேக்க மாட்டே. ஆனா ஆடி போனா பயம் இல்லேன்னும் நெனைக்காதே. காத்தே இல்லாம, வானம் தெளிஞ்சு கெடக்கும்போ, தெக்கு சமுத்திரத்துல எங்கயோ எழும்பின ஓதம் நாலஞ்சு நாள் நடந்து வந்து இங்க கல்லுல ஏறும். கள்ளக்கடல்னு பேரு. ஐதராபாத்துல இன்கோயிஸ்னு ஒரு ஆபீஸு முன்கூட்டியே எச்சரிக்கை போடும். மழை வருமா வெயில் வருமான்னு நாளைக்கு நாப்பது தடவை மொபைலைப் பாக்கியே, அதையும் ஒருக்க பாரு. அந்த நேரம் பெரிய அலை ஏறினா, மீனு இருக்கட்டும், லூரு இருக்கட்டும், வெட்டிவிட்டுட்டு மேல ஏறு. இழுத்தா அறாத நூலை இடுப்புல சுத்திக்கிட்டு நிக்காதே. அந்த ஒரு காரியத்துல உனக்க 80 பவுண்டு கட்டாயம் வேலை செய்யும்.

இப்பம் கெளம்பு. கடை அடைக்கதுக்கு முன்னால போயி நாலு புரியில 3 வாங்கு, 40-ல ஒரு சுருள் நைலான் வாங்கு. இந்த எண்பதை இங்க வச்சிட்டுப் போ. எனக்கு ஒண்ணுக்கும் இல்ல, ஆழக்கடலுக்குக் கைத்தூண்டில் போட ஒரு நூலு தேடிக்கிட்டு இருக்கேன், அவ்வளவுதான். விலையா? மருமவன்கிட்ட மாமன் விலை பேசுவானா? நாளைக்கு விடியக்காலம் பாரை கிட்டினா தலை எனக்கு, நடுத்துண்டு அத்தைக்கு. வால் பக்கம் நல்ல ருசி, அதை நீயே எடுத்துக்கோ.